கக்கத்துக்குள் ஒளித்து வைத்த மூச்சு

2010-ம் வருஷம், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய வாரம். கடலூர் துறைமுகத்தில் விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. நான் சிதம்பரத்தில் ஒரு நீச்சல் குளத்தின் ஓரம், உடம்பை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் சட்டையை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுக்கொண்டு, வெள்ளரிப் பிஞ்சுக்குத் தோல் திரும்பியது போல நின்றேன். முதுகுப் பக்கம் வரவேண்டிய ஜிப், என் தொப்புளில் ஆரம்பித்துத் தொண்டையில் முடிந்தது. கூட நின்ற காலேஜ் பிள்ளைகள் நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

என் தொழிலைச் சொன்னால்தான் நான் செய்த முட்டாள்தனம் புரியும். விசைப்படகின் அடியில் சுற்றும் ப்ரொப்பல்லரில் கிழிந்த வலையும் கயிறும் சில சமயம் சுற்றிக்கொள்ளும். என்ஜின் முக்கும், படகு நகராது. அப்போது என்னைக் கூப்பிடுவார்கள். கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்து, மூச்சை அடக்கி, சுற்றியதை அறுத்துவிட்டு மேலே வருவேன். சிலிண்டர் கிடையாது, குழாய் கிடையாது. நாலாங்கிளாஸை மூன்று வருஷம் படித்தவனுக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் யார் தருவார்கள்? அந்த வகுப்பைப் பற்றி என் அளவுக்கு விவரம் தெரிந்த ஆள் கடலூர் ஜில்லாவில் கிடையாது.

அந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம்தான். உடம்பில் எதுவும் தொங்கக் கூடாது. தொங்குவது எதுவாக இருந்தாலும் வலையில் மாட்டும், மாட்டினால் மேலே வர முடியாது. அரைஞாண் கயிற்றைக்கூட அவிழ்த்து வைத்துவிட்டுத்தான் குதிப்பேன். ஒருமுறை டவுசர் நாடாவை உள்ளே செருக மறந்துவிட்டேன். அது வலையில் சிக்கிவிட்டது. உயிரா டவுசரா என்று யோசிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. மேலே வந்தபோது கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ஏலம் கொஞ்ச நேரம் நின்றுபோனது. அதற்குப் பிறகு எதையும் தொங்கவிடும் பழக்கம் எனக்கு அடியோடு போய்விட்டது.

தடைக்காலத்தில் படகு ஓடாது, எனக்கு வேலையும் இருக்காது. அந்த நேரத்தில்தான் கடலுக்கு அடியில் குழாய் பார்க்கும் வேலை எடுத்திருந்த ஒரு காண்ட்ராக்டர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். வருஷம் முழுக்க வேலை உண்டு, ஆனால் சிலிண்டர் மாட்டி இறங்கத் தெரியணும், அதற்குச் சர்ட்டிபிகேட் வேணும் என்றார். புதுச்சேரியிலிருந்து ஒரு பயிற்சியாளர் சிதம்பரத்துக்கு வந்து ஒரு வாரம் குளத்தில் சொல்லித் தருகிறார், அப்புறம் கடலில் ஒரு பரீட்சை, போய் வா என்று அனுப்பிவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சர்ட்டிபிகேட். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

சேரும்போது ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். எழுத்துக் கூட்டிக் கூட்டி நிரப்பிக்கொண்டே வந்தேன். ‘ஆபத்து ஏற்பட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. பெண் பார்க்கப் போன ஒரே இடம் சேத்தியாத்தோப்பு. அங்கே பெண்ணின் அப்பாவை நன்றாகச் சிரிக்க வைத்துவிட்டு வந்தேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார். துறைமுகத்தில் என்னைத் தெரியாதவர் கிடையாது. டீக்கடையில் நான் வாயைத் திறந்தால் பத்து பேர் கூடுவார்கள். சிரித்து முடித்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் பூட்டைத் திறந்து என் அறைக்குள் போவேன். அவ்வளவுதான். அதனால் டீக்கடைக்காரர் நம்பரை எழுதிவிட்டு, மரியாதைக்கு அவரிடம் போன் போட்டுச் சொன்னேன்.

"என்னா மச்சான், நீ செத்தா எனக்கு ஏன் போன் பண்ணணும்?" என்றார்.

"மறுநாள் காலையில எனக்கு டீ போட்டு வெச்சிட்டு நீ பாட்டுக்குக் காத்துட்டிருக்கக் கூடாதுல்ல மாமா, அதுக்குத்தான்" என்றேன். அவரும் சிரித்தார்.

முதல் நாளே பயிற்சியாளர், அவரை நாங்கள் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம், ஒரு விதியைச் சொன்னார். கடலுக்கடியில் யாரும் தனியாகப் போகக் கூடாது. இரண்டிரண்டு பேராகத்தான் போகணும். ஜோடி இல்லாதவனுக்குப் பரீட்சை கிடையாது, சர்ட்டிபிகேட்டும் கிடையாது.

நாங்கள் மொத்தம் ஏழு பேர். காலேஜ் பிள்ளைகள் நாலு பேரும் கண் மூடித் திறப்பதற்குள் இரண்டு ஜோடியாகிவிட்டார்கள். தீயணைப்பு வேலையில் இருந்த இரண்டு பேர் வந்திருந்தார்கள், அவர்கள் ஒரு ஜோடி. மிச்சம் நான். பள்ளிக்கூடத்தில் கபடிக்கு ஆள் பிரிக்கும்போதும் கடைசியில் நிற்பவன் நான்தான். எனக்கு அது பழகிய இடம்.

"பரவால்ல மாஸ்டர், நான் என் நெழலோட ஜோடி சேந்துக்கறேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த இரண்டு நாளும் அதுதான் நடந்தது. மாஸ்டர் மற்றவர்களைக் கவனித்துவிட்டு வரும்வரை நான் குளத்தின் அடியில் தனியாக முட்டி போட்டு உட்கார்ந்திருப்பேன். வெயில் தண்ணீருக்குள் இறங்கி, தரையில் என் நிழல் ஆடும். தலையில் இருந்து புஸ்புஸ்ஸென்று குமிழி விட்டுக்கொண்டு அதுவும் என் கூடவே உட்கார்ந்திருக்கும். தண்ணீருக்குள் பேச முடியாது. ஜோக் சொல்ல முடியாது. ஜோக் சொல்லாமல் அவ்வளவு நேரம் நான் என்னோடு இருந்தது அதுதான் முதல் தடவை. அந்த ஆள் அவ்வளவு சுவாரஸ்யமானவன் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் தீயணைப்புக்காரர்களில் ஒருவருக்குக் காது வலி வந்து, ஊருக்குக் கிளம்பிவிட்டார். மிச்சமிருந்தவரையும் என்னையும் மாஸ்டர் சேர்த்துவிட்டார். அவர் ஆறடி ஆள். மீசையே கால் கிலோ இருக்கும். சிரிக்கவே மாட்டார். என்னை மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தார்.

"யோவ், தண்ணிக்குள்ளயாவது வாய மூடிட்டு வருவியா?"

"வாயில ரப்பர் இருக்கும் சார், பயப்படாதீங்க."

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. இருந்தாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு குதி. எனக்கும் ஒரு ஜோடி கிடைத்துவிட்டது.

அதுவரை மாஸ்டர் மாட்டிவிட்டதைக் கடித்துத்தான் மூச்சு விட்டோம். அன்றைக்குத்தான் அவரவர் ரெகுலேட்டர் பொறுக்கும் வேலை. ரெகுலேட்டர் என்றால் எனக்குத் தெரிந்தது ஃபேனுக்கு ஒன்று, கேஸ் சிலிண்டருக்கு ஒன்று. இதுவும் கிட்டத்தட்ட கேஸ் சிலிண்டர் சமாச்சாரம்தான். முதுகுச் சிலிண்டரின் தலையில் மாட்டி, அதிலிருந்து வரும் குழாயின் நுனியை வாயில் கடித்துக்கொண்டு மூச்சு விடணும். அதே தலையிலிருந்து இன்னொரு குழாயும் வரும், அதன் நுனியிலும் கடிக்கிற ரப்பர் இருக்கும். அது மாற்று. அதை அவர்கள் ஆக்டோபஸ் என்றார்கள். ஆக்டோபஸ் என்றால் நம் பேய்க்கணவாய். அதைக் குழம்பு வைக்கத் தெரிந்தவனிடம், கடித்து மூச்சு விடு என்றால் எப்படி? நான் அதற்கு ஸ்டெப்னி என்று பேர் வைத்தேன். எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

மாஸ்டர் ஒரு பெட்டியைத் திறந்து வைத்தார். வாயில் கடிப்பது எல்லோருக்கும் ஒரே ரகம். ஸ்டெப்னி மட்டும் பல ரகம். அவரவர் பார்த்து எடுக்கணும், அதுவும் பாடம்தான் என்றார்.

"மூணு விஷயம் பாருங்க. தூரத்துலேர்ந்து கண்ணுல படணும். குழா நீளமா இருக்கணும். தலகீழா கடிச்சாலும் காத்து வரணும், தண்ணி வரக் கூடாது. எடுத்தத நெஞ்சு மேல மாட்டிக்குங்க" என்றார். ஏன் என்றும் சொல்லியிருப்பார். அந்த நேரம் நான் காலேஜ் பிள்ளைகளுக்கு என் டவுசர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கத்திரிக்காய் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பளீரென்ற மஞ்சளில் நீளக் குழாய் வைத்தவை நாலைந்து இருந்தன. பார்த்ததுமே எனக்கு உடம்பு கூசியது. இவ்வளவு நீளத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வலை கிடக்கிற கடலில் இறங்கினால் என் கதி என்ன ஆகும்? அடியில் கறுப்பாக, சின்னதாக ஒன்று கிடந்தது. குழாய் குட்டை. என் தோளிலிருந்து என் வாய்க்குச் சரியாக எட்டியது. வண்டி என்னுடையது, பஞ்சரானால் எனக்குத்தானே ஸ்டெப்னி? என் வாய்க்கு எட்டினால் போதாதா? அதிலிருந்து காற்று சும்மா உஸ்ஸென்று கசியாமல் இருக்க, பக்கத்தில் இருந்த திருகை நன்றாக இறுக்கினேன். தலைகீழாகக் கடித்தெல்லாம் பார்க்கவில்லை. என் வாய் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

மாஸ்டர் பார்த்துவிட்டார். "குட்டையா இருக்கேப்பா."

"நானே குட்டைதானே மாஸ்டர்."

"விளையாடாத. கடலுக்குப் போறதுக்குள்ள மாத்திடு."

"மாத்திடறேன்" என்றேன். மாற்றவில்லை. கடல் தெரியாதவர்கள் செய்கிற ஜோடனை அது, இருபது வருஷமாக முங்குகிறவன் நான், எனக்குத் தெரியும் என்ற திமிர்.

ஞாயிற்றுக்கிழமை காலை தேவனாம்பட்டினத்திலிருந்து இரண்டு ஃபைபர் போட்டில் கிளம்பினோம். மாஸ்டர் கண்ணில் படக்கூடாது என்று என் ஸ்டெப்னியை வலது கக்கத்துக்குள் செருகி, மேலே பட்டையை இழுத்து மூடிவிட்டேன். கொஞ்சமும் தொங்கவில்லை. இறங்கும் முன் ஜோடி ஜோடியாக ஒருவர் சாமானை இன்னொருவர் தொட்டுப் பார்க்கணும். தீயணைப்புக்காரர் என் நெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு, "உன் ஸ்டெப்னி எங்கய்யா?" என்றார்.

"பத்திரமா இருக்கு சார். திருடனுக்கே தெரியாது."

அவர் இன்னொரு தரம் என்னைப் பார்த்தார். அதற்குள் மாஸ்டர் இறங்கச் சொல்லிவிட்டார்.

ஆறு பாகம், அதாவது முப்பத்தாறு அடி ஆழம். நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். கடலூர்க் கடல் படத்தில் வருகிற நீலக் கடல் இல்லை. பாசிப் பச்சை. கையை நீட்டினால் விரல் மங்கலாகத் தெரியும். மாஸ்டரும் காலேஜ் பிள்ளைகளும் கொஞ்சம் தள்ளிப் போனதுமே காணாமல் போய்விட்டார்கள். ஒவ்வொருவர் சிலிண்டரிலும் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் முள் உண்டு. ஜோடியில் ஒருவர் இன்னொருவரை அடிக்கடி கேட்டுக்கொள்ளணும், அதற்குக் கைச் சாடை இருக்கிறது. நான் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கடலுக்கடியில் நான் பார்த்ததெல்லாம் படகின் அடிவயிறு மட்டும்தான், அதுவும் மூச்சு முட்டுவதற்குள். இப்போது தரையில் ஒரு நண்டு மண்ணை உருட்டி உருட்டி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

தோளில் ஓர் அறை விழுந்தது. திரும்பினேன். தீயணைப்புக்காரர். கண்ணாடிக்குள் கண் இரண்டும் பிதுங்கியிருந்தது. கையைக் கத்தி மாதிரி கழுத்தில் குறுக்கே இழுத்தார். காற்று தீர்ந்துவிட்டது என்று சாடை. பெரிய உடம்பு, புதுக் கடல், பயம். எல்லாவற்றையும் இழுத்துத் தீர்த்திருந்தார். தன் முள்ளை அவரும் பார்க்கவில்லை.

அவர் கை என் நெஞ்சுக்கு வந்தது. அங்கே ஒன்றும் இல்லை. வயிற்றைத் தடவியது. அங்கேயும் இல்லை. அந்தப் பெரிய கை என் மேல் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. என் கையும் கக்கத்துக்குப் போனது. நான் இழுத்துக் கட்டிய பட்டை எனக்கே அவிழவில்லை. ஒருவழியாகப் பிடுங்கி நீட்டினேன். குழாய் அவர் முகத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. அவர் குனிந்து, எப்படிக் கிடைத்ததோ அப்படியே தலைகீழாகக் கடித்தார். உறிஞ்சினார். நான் இறுக்கிய திருகு, காற்று வரவில்லை. மறுபடி உறிஞ்சினார். உப்புத் தண்ணீர் போனது. துப்பிவிட்டு, என் வாயில் இருந்ததைப் பிடுங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டார்.

நியாயம்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

என் வாயில் இப்போது ஒன்றும் இல்லை. எனக்கு மூச்சடக்கத் தெரியும் என்பதால் அந்த நொடி பயம் வரவில்லை. அவருடைய கண்தான் என்னைப் பயமுறுத்தியது. இரண்டு மூச்சு இழுத்ததும் அந்தக் கண் என் வாயைப் பார்த்தது. பிடுங்கிக்கொண்ட மனுஷன், அதை எடுத்து என் வாயில் திருப்பி வைத்தார். இரண்டு மூச்சு எனக்கு. இரண்டு அவருக்கு. என் தோள்பட்டையை ஒரு கையால் விடாமல் பிடித்துக்கொண்டு, ஒரே ரப்பரை மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டு கயிற்றோடு ஏறினோம். மேலே வரும்போது மூச்சை அடக்கக் கூடாது, நெஞ்சுக்குள் காற்று உப்பிவிடும், குமிழி விட்டுக்கொண்டே வரணும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். எனக்கோ அடக்கித்தான் பழக்கம். நான் வாயை மூடும்போதெல்லாம் அவர் என் வயிற்றில் தட்டிக்கொண்டே வந்தார். ஜோடி என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

போட்டில் ஏறியதும் அவர் குடித்த கடலை எல்லாம் வாந்தி எடுத்தார். நடந்தது தெரிந்ததும் மற்றவர்கள் குனிந்து அவரவர் பட்டையை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். போட்டுக்காரர் எனக்குத் தெரிந்தவர். நிலைமையைச் சரியாக்க நினைத்து, "என்னா மச்சான், ஜோக்கு ஒண்ணும் வரலியா?" என்றார்.

தீயணைப்புக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு, திட்டாமல், மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏன்யா ஒளிச்சு வெச்ச? அது எனக்குய்யா. உன்னுது தீந்தா நீ கடிக்க வேண்டியது என் நெஞ்சுல கெடக்கு. பாரு." அவர் நெஞ்சில் மஞ்சளாக, நீளமாக, தூரத்திலிருந்தே கண்ணைக் குத்துகிற மாதிரி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவர் எனக்காகப் பொறுக்கி எடுத்தது.

"எங்கிட்ட வந்து மூச்சு கேக்க ஒரு ஆளு இருக்கும்னு நான் நெனக்கல சார்" என்றேன்.

அதை ஜோக்காகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். யாரும் சிரிக்கவில்லை. அவர் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மாஸ்டர் அன்றைக்கு எனக்குச் சர்ட்டிபிகேட் தரவில்லை. காற்று முள்ளைப் பார்க்காததற்குத் தீயணைப்புக்காரரையும் நிறுத்திவைத்தார். "அடுத்த ஞாயித்துக்கெழம நான் திரும்பக் கொளத்துக்கு வரேன், நீயும் வா. வேற எடு. ஒன்னோட எறங்க யாராச்சும் ஒத்துக்கிட்டா திரும்பக் கடலுக்குப் போலாம். இல்லன்னா என்னை ஒண்ணும் கேக்காத" என்றார்.

அந்த ஒரு வாரம் மாதிரி ஒரு வாரம் எனக்கு அதற்கு முன்பும் வரவில்லை, பின்பும் வரவில்லை. துறைமுகத்தில் வேலை இல்லை. டீக்கடைக்குப் போனால் கதை சொல்லச் சொல்வார்கள், அதனால் போகவில்லை. மஞ்சக்குப்பம் மைதானத்தில் போய், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கண்ணை மூடினால் அந்தப் பெரிய கை என் நெஞ்சில் தேடிக்கொண்டே இருக்கும். ஒரு மனுஷன் என்னிடம் வந்து கேட்கிறான், என்னிடம் இருக்கிறது, எடுத்துக் கொடுக்க முடியவில்லை. ஜோடி இல்லை, ஜோடி இல்லை என்று அவ்வளவு நாள் ஏங்கியவன், ஜோடி வந்தபோது அந்த ஆளுக்கு என் மேல் ஓர் இடம்கூட வைத்திருக்கவில்லை. யாரும் வரமாட்டார்கள் என்று நானே முடிவு செய்துவிட்டு, வரமுடியாதபடி எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டி வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் பஸ்ஸில் ஏறும்போது, யாரும் வரமாட்டார்கள் என்றுதான் போனேன். மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைப்பு.

குளத்து ஓரத்தில் பெட்டி திறந்திருந்தது. அதன் முன்னால் தீயணைப்புக்காரர் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் நிமிரவில்லை.

"சார், நான் பாத்து எடுத்துக்கறேன்..."

"நீ எடுத்த லட்சணம்தான் பாத்தாச்சே. மூச்சு வுடப் போறது நானு. நான்தான் எடுக்கணும்."

ஒவ்வொன்றாக மாட்டி வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தார். தலைகீழாகக் கடித்துப் பார்த்தார். மூன்றை ஒதுக்கினார். குளத்தில் இறங்கி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, என் நெஞ்சில் கையால் தேடி எடுத்துக் கடித்துப் பார்த்தார். மறுபடி. மறுபடி. எட்டு தடவை இருக்கும். நான் கையை விரித்துக்கொண்டு, தையல்காரரிடம் அளவு கொடுக்கிறவன் போல அசையாமல் நின்றேன். கடைசியில் ஒரு மஞ்சளை வாயிலிருந்து எடுத்து, உதறி, என் நெஞ்சில் மாட்டிவிட்டார்.

"இது தொங்கட்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த வாரமே திரும்பக் கடலில் இறங்கினோம். சர்ட்டிபிகேட் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. அவர் தன் வேலைக்குப் போய்விட்டார். எப்போதாவது போன் பண்ணுவார், அதே மாதிரி நாலு வார்த்தைதான். நான் இன்னும் அதே அறையில்தான் இருக்கிறேன், அதே பூட்டைத்தான் திறக்கிறேன். ஆனால் யாரோடு இறங்கினாலும், இறங்கும் முன் என் மாற்று ரப்பரை முதலில் அவர் வாயில் கொடுத்துக் கடித்துப் பார்க்கச் சொல்கிறேன். வேலை முடிந்து அறையில் அதைக் கழுவிக் காயவைக்கும்போது, என்னுடையது அல்லாத பற்களின் தடம் கட்டைவிரலில் தட்டுப்படும். நம்மிடம் கேட்டு ஒருவர் வருவார் என்று நம்பித் தயாராக இருப்பதும் ஒரு துணைதான் என்று அந்த நேரத்தில் தோன்றும்.